எந்திரம் ஏற்றதெல்லாம் உண்மையா?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

"கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது" என்ற சொல்லைக் கேளாதவர் இன்று நாட்டில் இலர். அச்சொல் வந்தபின் எவரும் மறுத்துப் பேசுவதில்லை. கையால் எழுதியவர் தவறியிருக்கலாம், கணிப்பொறி தவறாது என்னும் நம்பிக்கை படித்தவர், படியாதவர் எல்லாரிடமும் வேரூன்றியுள்ளது. இந்நம்பிக்கை எதுவரை சரி, எவ்விடத்தில் அது நின்றுவிடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற ஆண்டு நம் கல்லூரி நூலகத்தில், நன்கொடையாக வந்த நூல்களுக்கிடையே, இங்கிலாந்து நாட்டு ஆறாம் படிவ மாணவர்க்கென எழுதப்பட்ட பழைய பாடநூல் ஒன்றைக் கண்டேன். 'தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்' என்பது பாடத்தின் பெயர். புரியாத சூத்திரங்கள் நிறைந்திருக்கும் என்று எண்ணித் திறந்தேன். ஆனால் அதன் முதல் அதிகாரங்கள் மிக எளிய கேள்வி ஒன்றையே பேசின: எந்திரத்துக்குள் நாம் செலுத்துவது சரியானதுதான் என்று எப்படி அறிவது? அக்கேள்வி என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றோடு இணைந்ததனால் நூலைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அந்நிகழ்ச்சியைப் பின்னர்க் கூறுவேன். முதலில் பாடத்தைக் காண்போம்.

ஆறாம் படிவம் என்பது யாது?

நம் ஊர்ப் பெரியவர்கள் "நான் ஆறாவது பாரம் வரை படித்தவன்" என்று சொல்லக் கேட்டிருப்போம். அன்றைய சென்னை மாகாணத்தில் ஆறாம் வகுப்பே முதல் பாரம். பள்ளியிறுதி வகுப்பாகிய பதினொன்றாம் வகுப்பு ஆறாவது பாரம். ஆங்கிலேயர் விட்டுச் சென்ற இப்பெயர் நம்மிடம் மறைந்தாலும் இங்கிலாந்தில் இன்றும் வழங்குகிறது. அங்கே ஆறாம் படிவம் என்பது பதினாறு வயது முதல் பதினெட்டு வயது வரையிலான இரண்டாண்டுப் படிப்பு. அதன் முடிவில் 'ஏ லெவல்' என்னும் தேர்வு. 1951 இல் தொடங்கிய இத்தேர்வுக்கு ஒரு மாணவர் பெரும்பாலும் மூன்று பாடங்களையே எடுத்து ஆழமாகப் படிப்பார். 1978 இல் தமிழ்நாட்டில் வந்த மேல்நிலைக் கல்வியை, அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளை, இதற்கு இணையாகக் கொள்ளலாம்.

இந்நிலையில் கணிப்பொறியைப் பற்றி அங்கே நெடுங்காலம் இரு பாடங்கள் இருந்தன. ஒன்று, எந்திரம் எவ்வாறு இயங்குகிறது, அதற்கு நிரல் எழுதுவது எப்படி என்பதைக் கற்பிக்கும் கணிப்பொறி இயல். மற்றொன்று, எந்திரத்தை மனிதரும் நிறுவனங்களும் எதற்காக, எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதைக் கற்பிக்கும் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம். நான் கண்டது இரண்டாவது பாடத்தின் நூல்.

தரவும் தகவலும்

இப்பாடத்தின் அரிச்சுவடி, தரவு வேறு, தகவல் வேறு என்பதாகும். 120525 என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறது என்று கொள்வோம். இஃது என்ன? 2025 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் நாளாக இருக்கலாம். ஓர் இலட்சத்து இருபதாயிரத்து ஐந்நூற்று இருபத்தைந்து ரூபாயாக இருக்கலாம். ஒரு மாணவரின் பதிவெண்ணாகவும் இருக்கலாம். வெறும் இலக்கங்களாக நிற்கும்வரை அது தரவு. 'இது தேதி, நாள், மாதம், ஆண்டு என்னும் வரிசையில் உள்ளது' என்ற சூழலைச் சேர்த்த பின்னரே அது தகவல் ஆகிறது.

எந்திரம் சேமிப்பது தரவை. பொருள் கொள்வது மனிதன். ஆகவே தரவு தவறானால், எந்திரம் எத்துணை விரைவாகக் கணக்கிட்டாலும் விடை தவறாகவே வரும். சுரை விதைத்தால் அவரை முளைக்காது என்று நம் முன்னோர் சொன்னதுதான் இது.

தவறுகள் எவ்வாறு நுழைகின்றன? பெரும்பாலும் ஒரு தாளிலிருந்து எந்திரத்துக்கு மாற்றும்போதே நுழைகின்றன. ஓர் இலக்கத்தை வேறாகப் படிப்பது ஒரு வகை: 5 என்பதை 6 என்று கொள்ளுதல். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடிப்பது இன்னொரு வகை: 64 என்பதை 46 என்று அடித்தல். இவற்றைத் தடுக்க அப்பாடம் இரண்டு காவல்களைக் கூறுகிறது.

முதற் காவல்: ஏற்புச் சோதனை

வந்த தரவு ஏற்கத்தக்கதா என்று எந்திரமே பார்ப்பது முதற் காவல். இதனை ஏற்புச் சோதனை எனலாம். நம் மேல்நிலைத் தேர்வில் செய்முறை உள்ள பாடத்தின் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். அது 0 முதல் 70 வரை இருக்க வேண்டும். அதனை எந்திரத்தில் பதியும்போது பின்வரும் சோதனைகளை வைக்கலாம்.

1. இருப்புச் சோதனை: கட்டம் காலியாக விடப்பட்டுள்ளதா?
2. வகைச் சோதனை: எண்தானா, அல்லது எழுத்து வந்துவிட்டதா?
3. நீளச் சோதனை: இரண்டு இலக்கங்களுக்கு மேல் உள்ளதா?
4. எல்லைச் சோதனை: 0 க்கும் 70 க்கும் உட்பட்டதா?
5. பட்டியல் சோதனை: பதிவெண் அப்பள்ளியின் பட்டியலில் உள்ளதா?

இச்சோதனைகள் சரியாக வேலை செய்கின்றனவா என்பதையும் சோதிக்க வேண்டும். அதற்கு மூவகைத் தரவு தேவை. 45 என்பது இயல்பான தரவு. 0, 70 என்பவை எல்லைத் தரவு. 71, கழித்தல் 1, 'அறுபது' என்ற சொல் ஆகியவை தவறான தரவு. முதலிரண்டு வகையை ஏற்று, மூன்றாம் வகையை மறுத்தால் சோதனை நன்கு அமைந்தது என்று பொருள். நம்மில் பலர் 45 ஐ மட்டும் கொடுத்துப் பார்த்து, "ஓடுகிறது" என்று மகிழ்ந்துவிடுகிறோம். தவறு ஒளிந்திருக்குமிடம் பெரும்பாலும் எல்லையில்தான்.

எண்ணுக்குள் ஒரு காவலாளி

ஏற்புச் சோதனைகளுள் கணித மாணவர்க்கு மிகவும் சுவையானது சோதனை இலக்கம். ஓர் எண்ணின் இறுதியில், முன்னுள்ள இலக்கங்களிலிருந்தே கணக்கிட்ட ஓர் இலக்கத்தைச் சேர்த்துவிடுவது இம்முறை.

நூல்களின் பின்னட்டையில் காணும் பன்னாட்டு நூல் எண்ணைப் பாருங்கள். 2007 க்கு முன் அது பத்து இலக்கங்கள் கொண்டது. 0306406152 என்பது அத்தகைய ஓர் எண். இதன் இலக்கங்களை இடமிருந்து வலமாக முறையே 10, 9, 8 என்று தொடங்கி 1 வரை பெருக்கிக் கூட்டுவோம்:

0 + 27 + 0 + 42 + 24 + 0 + 24 + 3 + 10 + 2 = 132

132 என்பது 11 ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே எண் ஏற்கத்தக்கது. இப்போது நடுவிலுள்ள 6, 4 என்னும் இலக்கங்களை இடம் மாற்றி 0304606152 என்று அடித்துவிட்டதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 130 ஆகிறது. அதனை 11 ஆல் வகுத்தால் மீதி 9. எந்திரம் உடனே மறுத்துவிடும்.

இஃது எப்போதும் பலிக்குமா? பலிக்கும். ஓர் இலக்கம் மட்டும் மாறினால், கூட்டுத்தொகையில் ஏற்படும் வேறுபாடு 1 முதல் 10 வரையுள்ள இரண்டு எண்களின் பெருக்கற்பலன். 11 பகா எண் ஆதலால் அப்பெருக்கற்பலனை வகுக்க இயலாது. அடுத்தடுத்த இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினால், வேறுபாடு அவ்விரு இலக்கங்களின் கழித்தற்பலனே. அதுவும் 11 ஐவிடச் சிறியது. 11 ஆல் வகுபடாது. இவ்வளவு எளிய கணக்கு, உலகத்து நூலகங்களை எல்லாம் காத்து வந்தது. 11 ஆல் வகுப்பதனால் சில எண்களுக்குச் சோதனை இலக்கம் 10 என்று வரும். அப்போது ரோமானிய எண்ணாகிய எக்ஸ் குறியை இறுதியில் இடுவர்.

நம் சட்டைப்பையிலும் இத்தகைய காவலாளி உண்டு. ஆதார் எண்ணின் 12 இலக்கங்களுள் கடைசி இலக்கம் சோதனை இலக்கமே. நெதர்லாந்து நாட்டவரான வெர்ஹூஃப் 1969 இல் வெளியிட்ட முறை அதில் கையாளப்படுகிறது. இயற்கணித வகுப்பில் குலங்களைப் படிக்கும்போது, ஒழுங்கு ஐங்கோணத்தின் சமச்சீர்களால் ஆன, பத்து உறுப்புகள் கொண்ட குலம் ஒன்று வருமல்லவா? பரிமாற்று விதிக்கு உட்படாத அக்குலமும் ஒரு வரிசைமாற்றமுமே அம்முறையின் அடித்தளம். ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது கண்டுபிடித்துவிடும். 'இக்குலங்களால் என்ன பயன்?' என்று நானும் வகுப்பில் முணுமுணுத்தவன்தான்.

இரண்டாம் காவல்: ஒப்புநோக்கல்

இனி இரண்டாம் காவல். எந்திரத்தில் பதிந்ததை மூலத் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒப்புநோக்கல். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, ஒரே தரவை இருமுறை அடித்து, இரண்டும் ஒத்துள்ளனவா என்று எந்திரத்தையே பார்க்கச் செய்தல். கடவுச்சொல்லை இருமுறை அடிக்கச் சொல்வது இதற்காகத்தான். மற்றொன்று, மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் உள்ளதை ஒருவர் கண்ணால் படித்துப் பார்த்தல்.

இவ்விரு காவல்களும் ஒன்றென மயங்குதல் கூடாது. ஏற்புச் சோதனை, "இப்படி இருக்க முடியுமா?" என்று கேட்கிறது. ஒப்புநோக்கல், "தாளில் இப்படித்தான் இருக்கிறதா?" என்று கேட்கிறது. முதலாவதை எந்திரம் தனியே செய்யும். இரண்டாவதற்கு மனிதன் வேண்டும்.

அப்பத்தாவின் பிறந்த ஆண்டு

இப்போது என் வீட்டு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். 2024 இல் எங்கள் அப்பத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தோம். அதற்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும். அவருடைய வாக்காளர் அட்டையில் பிறந்த ஆண்டு 1957. விண்ணப்பத்தைக் கணிப்பொறியில் அடித்துக் கொடுத்த இடத்தில் அது 1967 என்று பதிவாகிவிட்டது. ஓர் இலக்கத் தவறு. சில மாதங்கள் கழித்து, வயது போதாது என்று பதில் வந்தது.

நான் அங்கே சென்று கேட்டபோது, "சிஸ்டம் ஏத்துக்கிச்சே தம்பி, அப்புறம் எப்படித் தப்பாகும்?" என்றார்கள். எனக்கும் மறுமொழி தெரியவில்லை. இத்தனைக்கும் நான் பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்துப் படித்தவன். பிறந்த ஆண்டைக் கொடுத்தால் வயதைச் சொல்லும் நிரலைப் பைத்தானில் எழுதி ஆசிரியரிடம் பாராட்டும் பெற்றவன்.

பின்னர் நூலகத்தில் இப்பாடத்தைப் படித்தபோதுதான் மறுமொழி கிடைத்தது. எந்திரம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. 1967 என்பது நான்கு இலக்கம். எண்தான். வாழ்கின்ற ஒருவர் அவ்வாண்டில் பிறந்திருக்கவும் முடியும். ஏற்புச் சோதனைகள் அனைத்திலும் அது தேறிவிட்டது. ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் சோதனை இலக்கம் காட்டிக் கொடுத்திருக்கும். பிறந்த ஆண்டுக்கு அத்தகைய காவலாளி இல்லை. செய்யப்படாமல் விடுபட்டது இரண்டாம் காவலாகிய ஒப்புநோக்கல்.

அதைச் செய்திருக்க வேண்டியவர்களுள் நானும் ஒருவன். அச்சிட்டுக் கொடுத்த ஒப்புகைச் சீட்டை வாங்கி வந்தவன் நான். அதில் 1967 என்று தெளிவாகவே இருந்தது. அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. அப்பாவுக்கு அச்சில் வந்ததன்மேல் ஐயம் எழாது. எங்கள் வீட்டில் அச்சீட்டைப் படித்துப் பார்க்கக்கூடியவன் நான் ஒருவனே. நானோ அதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மறுமுறை வாக்காளர் அட்டையையும் ஒப்புகைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு சென்றேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இலக்கம் இலக்கமாகப் படித்துக் காட்டினேன். அவர்களும் முகம் சுளிக்காமல் திருத்தத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதன்பின் சில மாதங்கள் ஓடின. உதவித்தொகை வரத் தொடங்கியது. தவறான ஓர் இலக்கத்துக்காக அப்பத்தா இழந்த மாதங்கள் மட்டும் திரும்பி வரவில்லை.

இவ்விடத்தில் மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. மூலத் தாளே தவறாக இருந்தால் என் செய்வது? அப்போது ஏற்புச் சோதனையும் உதவாது, ஒப்புநோக்கலும் உதவாது. "உண்மையில் இப்படித்தானா?" என்று வாழ்க்கையை நோக்கிக் கேட்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலின்போது தனக்கு ஏழு வயது என்று அப்பத்தா அடிக்கடி சொல்வார். 1967 இல் பிறந்தவர் அப்புயலை எவ்வாறு அறிவார்? மேலும் என் தந்தையார் பிறந்தது 1978 இல். பதினொரு வயதிலா ஒரு தாய்? குடும்பத்தாரின் பிறந்த ஆண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்குமாறு நிரலில் எழுதியிருந்தால் எந்திரமும் இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கும். ஆனால் அக்கேள்வியைக் கேட்க வேண்டும் என்று முதலில் நினைக்க வேண்டியவன் மனிதன்.

பாடம் நின்றுபோன வரலாறு

இத்துணைப் பயனுள்ள பாடம் இங்கிலாந்தில் இன்று ஏ லெவல் தேர்வில் இல்லை. அதன் காரணத்தையும் அறிதல் நன்று.

1981 இறுதியில் பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு கணிப்பொறி அந்நாட்டில் வெளிவந்து பள்ளிகளில் பரவியது. அதனை இயக்கியவுடன் திரையில் தோன்றுவது பேசிக் மொழி. எதையேனும் செய்விக்க வேண்டுமாயின் நிரல் எழுதித்தான் ஆக வேண்டும். 1984-85 இல் நம் நாட்டு அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின்கீழ் இந்தியப் பள்ளிகள் சிலவற்றுக்கு வந்தவையும் இந்த பி.பி.சி. மைக்ரோ எந்திரங்களே. காலப்போக்கில் ஆயத்த மென்பொருள்கள் பெருகின. பள்ளிப் பாடமும் கடிதம் அடிப்பது, அட்டவணை போடுவது, படக்காட்சி தயாரிப்பது என்று சுருங்கியது.

2011 ஆகஸ்டில் எடின்பரோ நகரில் பேசிய கூகுள் நிறுவனத் தலைவர் எரிக் ஷ்மிட், பிரிட்டனின் பள்ளிகளில் கணிப்பொறி அறிவியல் பொதுப் பாடமாக இல்லாதது தமக்கு வியப்பளிப்பதாகக் கூறினார். 2012 ஜனவரியில் இலண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கை, மாணவர் பலர் மென்பொருளைக் கையாளும் அடிப்படைத் திறனுக்கு அப்பால் எதுவும் கற்பதில்லை என்று குறை கண்டது. 2014 செப்டம்பரில் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயர் போய்க் கணிப்பொறி இயல் என்ற பெயர் ஏற்பட்டது. ஆறாம் படிவத்திலும் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் தேர்வு நிறுத்தப்படும் என்று 2015 இல் அறிவிக்கப்பட்டது; பின்னர் நின்றது.

குறை கூறியவர்கள் சொன்னது பெரிதும் உண்மையே. ஒரு மென்பொருளின் பொத்தான்களை மனப்பாடம் செய்பவனின் கல்வி, அம்மென்பொருள் மாறும் நாளில் பழசாகிவிடும். ஆயினும் மாற்றத்துக்கும் ஒரு விலை இருந்தது. 2017 இல் அதே சொசைட்டி வெளியிட்ட மற்றோர் அறிக்கை, இங்கிலாந்துப் பள்ளிகளுள் பாதிக்கு மேற்பட்டவை பதினாறு வயதுத் தேர்வுக்குக் கணிப்பொறி அறிவியலைக் கற்பிக்கவே இல்லை என்று காட்டியது. பழைய பாடத்தை ஏ லெவலில் எடுத்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். 2017 இல் கணிப்பொறி இயலை எடுத்தோருள் பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவே. இவை எண்ணிக்கையில் தெரியும் இழப்பு. "இந்த எந்திரத்தை யார் பயன்படுத்தப் போகிறார், அவருக்கு என்ன தேவை?" என்று உண்மையான ஒருவரிடம் சென்று கேட்டு, அவருக்காக ஒரு திட்டப்பணி செய்து, அவரையே சோதித்துப் பார்க்கச் சொல்லும் பயிற்சி அப்பழைய பாடத்தின் உயிராக இருந்தது. அதன் மதிப்பை எண்ணிக்கையால் அளக்க இயலாது.

நாம் கொள்ள வேண்டியது

நம் மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள் என இரு பாடங்களும் உள்ளன. "எது உயர்ந்தது?" என்று பத்தாம் வகுப்பு முடித்த தம்பி தங்கையர் நம்மைக் கேட்கின்றனர். எந்திரம் இயங்கும் முறையை அறியாத பயன்பாடு மேலோட்டமானது. பயன்படுத்தும் மனிதரை அறியாத அறிவியல் அரைகுறையானது. ஒன்றை எடுத்தவர் மற்றொன்றின் நூலையும் புரட்டிப் பார்ப்பதே சரி என்பேன். நிரலில் பிழை இல்லாமலிருந்தும் விடை தவறாகலாம் என்பதை எனக்கு என் நிரல் கற்பிக்கவில்லை. அப்பத்தாவின் ஒப்புகைச் சீட்டே கற்பித்தது.

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர், வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆளாகவோ, கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளாகவோ இருக்கிறோம். தெருவில் உள்ளோர் விண்ணப்பங்களை நம்மிடமே கொண்டு வருகின்றனர். அப்போது மூன்று செயல்களை வழக்கமாக்கிக் கொள்வோம். சமர்ப்பிக்கும் முன் மூலச் சான்றை எந்திரத்தின் அருகே வைத்துப் பெயர், தேதி, எண் ஆகியவற்றை வாய்விட்டுப் படிப்போம். உரியவரிடம், "உங்களுக்கு இன்ன வயது, இன்ன ஊர், சரிதானா?" என்று அவருக்குப் புரியும் பேச்சில் கேட்போம். ஒப்புகைச் சீட்டை வாங்கிய இடத்திலேயே நின்று ஒருமுறை படிப்போம். இவற்றுக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது.

எந்திரம் ஏற்றுக்கொண்டது என்பதன் பொருள், அது மறுப்பதற்குக் காரணம் காணவில்லை என்பதே. உண்மை என்று அது சான்று கூறவில்லை. அச்சான்றைக் கூற வேண்டியவர், சீட்டைக் கையில் வைத்திருப்பவர்.